பால் வாங்கப் போகும்போதும் ஹெல்மெட்டா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மதுரை சர்வேயர் காலனியில் குடியிருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் நடக்கச் சொன்னார்கள். முட்டி வலி விடவில்லை, அதனால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சைக்கிளுக்கு மாறிவிட்டேன். காலையில் தெருமுனை வரை பால் வாங்க, வாரத்தில் ஓரிரு நாள் மாட்டுத்தாவணிக்குக் காய் வாங்க, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு அழகர்கோவில் வரை ஒரு சுற்று. மகள் சைக்கிள் ஹெல்மெட் வாங்கித் தந்தாள். அதை ஞாயிறு மட்டும் போடுகிறேன். பால் வாங்கப் போனாலும் போடுங்கள் என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். நாலு வீடு தள்ளி இருக்கிற கடைக்கு ஹெல்மெட்டா என்று தெருவில் சிரிக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து ஓட்டுகிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லை. ஹெல்மெட் போட்டால் கழுத்துக்குக் கேடு, ஹாலந்தில் யாருமே போடுவதில்லை என்கிறார் ஒரு நண்பர். வெயில் வேறு. எல்லாச் சவாரிக்கும் போடத்தான் வேண்டுமா? ஏழு வயதுப் பேரனுக்கும் வாங்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சார், உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. மாட்டுத்தாவணிக்கும் போடுங்கள், அழகர்கோவிலுக்கும் போடுங்கள், பால் வாங்கப் போகும்போது கட்டாயம் போடுங்கள். கடைசியில் இருப்பதற்குத்தான் ‘கட்டாயம்’ என்று எழுதியிருக்கிறேன், கை தவறி அல்ல. ஹெல்மெட்டை எதற்குப் போட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கும் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

சைக்கிளில் உட்கார்ந்தால் உங்கள் தலை தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கும், ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். அந்த உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நீங்கள் எவ்வளவு வேகமாக மிதித்தீர்கள் என்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. பால் கடை வாசலில் காலை ஊன்றப் போய், ஊன்றிய கால் மணலில் வழுக்கி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தால்கூட தலை தரையில் மோதுவது இந்த வேகத்தில்தான்.

இப்போது உங்கள் மகள் வாங்கித் தந்த ஹெல்மெட்டின் உட்புறத்தைப் பாருங்கள். இ.என். 1078 என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கலாம். அது ஐரோப்பியத் தரம். தலை வடிவத்தில் செய்த ஓர் எடையை ஹெல்மெட்டுக்குள் வைத்து, தட்டையான இரும்பின் மேல் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். மோதும் வேகம் நான் மேலே சொன்னதே, ஒன்றரை மீட்டரிலிருந்து விழுகிற வேகம். அமெரிக்கத் தரத்தில் அது 2 மீட்டர். ஆக, இந்தப் பொருளைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது, சைக்கிளிலிருந்து சாய்ந்து தரையில் மண்டை இடிக்கும் மனிதரை. பின்னால் வந்து இடிக்கும் பேருந்தை அல்ல. உள்ளே இருப்பது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்தத் தெர்மோகோல் இனம்தான், அடர்த்தி மட்டும் அதிகம். இடித்ததும் அது நசுங்கும். நசுங்குவதற்கு ஆகும் அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகள்தான் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம். வெறும் மண்டையும் தார் ரோடும் மோதினால் அதுகூடக் கிடையாது.

இதனால்தான் சொல்கிறேன், தெருமுனைச் சவாரிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற பாதுகாப்பு அது. அதைப் போய் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஆணியில் மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

தெருவில் எப்படி விழுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், வார்டில் அவர்களே சொல்வார்கள். பெரும்பாலும் வண்டி எதுவும் இடித்திருக்காது. பால் பாக்கெட் போட்ட பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருவார்கள். மிதிக்கும்போது பை ஆடும். ஒரு திருப்பத்தில் உள்பக்கமாக ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். கம்பி அதைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் ஃபோர்க்கில் முட்டும், முன்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பின்சக்கரம் தூக்கும். ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். கையை நீட்டி ஊன்றலாமே என்றால், இரண்டு கையும் அந்த நேரத்தில் ஹேண்டிலைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். நெற்றியோ தாடையோதான் முதலில் தரைக்குப் போகும். சிலருக்கு வேட்டி நுனி செயினில் மாட்டுகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளம், வெள்ளைக்கோடு அழிந்த ஸ்பீடு பிரேக்கர், விடிகாலையில் குறுக்கே பாயும் நாய், வீடு கட்டுகிறவர் தெருவில் கொட்டிய மணல். இதெல்லாம் நம் காலனிகளில் நாலு வீட்டுத் தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. (பையை இனி பின் கேரியரில் வைத்துக் கட்டுங்கள், அல்லது முன்னால் ஒரு கூடை போட்டுவிடுங்கள். ஹெல்மெட்டைப் பற்றி நான் சொல்வதில் எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினும், அதோடு சில காலம் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றும் கொடுப்பார்கள். அடைப்பு வராமல் காக்கும் அதே குணம், அடிபட்டால் ரத்தக்கசிவைச் சீக்கிரம் நிற்கவிடாது. இன்னொரு விஷயம், வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். இது நோய் இல்லை, எல்லோருக்கும் வருவதுதான். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே இடம் கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடந்து போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. இருபது வயதுக்காரர் தலையைத் தேய்த்துவிட்டு எழுந்து போகிற அடியில், 63 வயதில் ஒரு சிரை பிய்ந்து மெதுவாகக் கசியலாம். மாத்திரையும் இருந்தால் அந்தக் கசிவு நிற்க நேரமாகும்.

இது அன்றைக்கே தெரியாமலும் போகலாம். விழுந்தார், எழுந்தார், காபி குடித்தார். மூன்று நாலு வாரம் கழித்து நடையில் ஒரு தடுமாற்றம், ஒரு பக்கக் கை கொஞ்சம் மந்தம், பேச்சில் குழப்பம், மதியமே தூக்கம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தால் மூளைக்கு மேல் பழைய ரத்தம் தேங்கியிருக்கும். சின்னத் துளை போட்டு வெளியேற்றிவிட்டால் பெரும்பாலானவர்கள் நன்றாகிவிடுகிறார்கள். ஆனால் நேரத்தில் வர வேண்டும். மாத்திரை சாப்பிடும் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால், மயக்கம் இல்லாவிட்டாலும், வீக்கம் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். ஸ்கேன் வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்யட்டும். அதற்காக இப்போதே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட ஆபத்து.

இளம் வயதில் நடப்பது வேறு மாதிரி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு கீறினால் தமனி கிழியலாம். பிள்ளை எழுந்து, நன்றாகப் பேசி, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவான். சில மணி நேரத்தில் தலைவலி கூடும், வாந்தி எடுப்பான், தூங்கிப் போவான். தூங்கட்டும், களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், ஒரு கண் பாவை பெரிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ ஒழுகுவது, வலிப்பு. இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் மட்டுமல்ல, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். கழுத்து விஷயத்தில் அவர் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. 2016இல் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 40 ஆய்வுகள், அடிபட்ட சைக்கிள்காரர்கள் 64,000 பேருக்கு மேல். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயத்துக்கான வாய்ப்பு ஏறக்குறையப் பாதி, கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைவு. கழுத்துக் காயம் அரிதாகவே இருந்தது, ஹெல்மெட்டால் அது கூடவும் இல்லை. இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. ஹெல்மெட் போடுகிறவர் பொதுவாகவே நிதானமாக ஓட்டுகிறவராக இருக்கலாம், அந்த நிதானத்தின் பலனும் ஹெல்மெட் கணக்கில் சேர்ந்திருக்கலாம். எண்களைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் மிச்சமிருப்பது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஹாலந்து விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. அங்கே பெரும்பாலானவர்கள் வெறும் தலையோடுதான் போகிறார்கள். ஆனால் அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை, தனி சிக்னல். கார்க்காரர்களும் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்கள். மாட்டுத்தாவணி வாசலில் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே காய்ப்பையோடு திரும்புகிற உங்களுக்கு அந்த உதாரணம் எப்படிப் பொருந்தும்? அப்புறம், அந்த நாட்டிலும் வயதானவர்கள் தானாகச் சாய்ந்து விழுவது நடக்கத்தான் செய்கிறது. தனிப் பாதை போட்டால் லாரி விலகும், தரை விலகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு மோட்டார் வண்டிக்குத்தான். சைக்கிளுக்கு ஹெல்மெட் நம் நாட்டில் கட்டாயமில்லை, கோரிப்பாளையத்தில் யாரும் உங்களை மடக்கப் போவதில்லை. கட்டாயமாக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் உலகிலேயே முதலில் இதைச் சட்டமாக்கியது. தலைக்காயம் குறைந்தது. கூடவே சைக்கிள் ஓட்டுகிறவர்களும், முக்கியமாகப் பதின்ம வயதுப் பிள்ளைகள், குறைந்தார்கள். அது எவ்வளவு தூரம் சட்டத்தால் ஆனது என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு மாசி வீதிகளைச் சுற்றுகிறவரிடமும், பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த அரசு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பெண்ணிடமும் அபராதம் கேட்கிற நாள் வர வேண்டாம். அவர்கள் சைக்கிளை விட்டுவிட்டால் நஷ்டம் பெரிது. ஆனால் நீங்கள் 63 வயது, மாத்திரை சாப்பிடுகிறவர், ஹெல்மெட் ஏற்கெனவே கையில் இருக்கிறது. உங்களுக்குச் சொல்வது வேறு.

ஒருநாள் ஹெல்மெட் எங்கே என்று தேடிக் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு நடந்து போய்ப் பாலை வாங்கி வாருங்கள். நாலு வீட்டுத் தூரத்தை முட்டி தாங்கும்.

வெயிலைப் பற்றி. காலை ஆறு, ஏழு மணிக்குப் போகிறவருக்கு அது பெரிய பிரச்சினையாக இருக்காது. சித்திரை, வைகாசியில் வியர்க்கும், உண்மைதான். சைக்கிள் ஹெல்மெட்டில் காற்று போக நீளமான துளைகள் இருக்கும், எடையும் கால் கிலோ, முன்னூறு கிராம்தான். மெல்லிய பருத்திக் குல்லா ஒன்றை உள்ளே போட்டால் வியர்வை கண்ணில் இறங்காது. துண்டை முண்டாசாகக் கட்டி அதன் மேல் போட வேண்டாம். ஹெல்மெட் ஆடும், விழும்போது நழுவும். வீட்டில் கிடக்கிற பைக் ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், வெறும் தலைக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடை, காதை மூடும், மிதித்துப் போகிறவருக்குப் புழுக்கம். ரெண்டு நாளில் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

மாட்டும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே பாருங்கள், பாதிப் பேருக்கு ஹெல்மெட் பின்மண்டையில் உட்கார்ந்திருக்கும், நெற்றி முழுக்க வெளியே தெரியும். முன்பக்க விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்க வேண்டும். பக்கவாட்டு வார்கள் இரண்டும் காதுக்குக் கீழே வந்து சேர வேண்டும். தாடை வாருக்குள் ஒரு விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. பெரிதாகக் கொட்டாவி விட்டுப் பாருங்கள், ஹெல்மெட் தலையை லேசாக அழுத்தினால் சரியாக இருக்கிறது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். நசுங்கிய நுரை திரும்ப எழாது. மொட்டை மாடி வெயிலிலும், மூடிய காரின் பின்கண்ணாடிக்குக் கீழேயும் வைக்காதீர்கள்.

ஞாயிறு சவாரிக்கு ஹெல்மெட்டோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாகப் போகிற அந்தச் சாலை, சித்திரையில் அழகர் வரும் நாளில்தான் மனிதர்களுக்குச் சொந்தம். மற்ற நாளில் பஸ்ஸும் காரும் பறக்கும். அந்த வேகத்தில் ஒரு வண்டி மோதினால் ஹெல்மெட் கொஞ்சம் உதவும், ஆனால் பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது. மோதாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வேலை. கருக்கலில் கிளம்புகிறீர்கள் என்றால் பின்னால் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும், வெளிர் நிறச் சட்டை வேண்டும். ஹேண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டுங்கள். பின்னால் ஏர் ஹாரன் கேட்டதும் தலையைத் திருப்பிப் பார்ப்பவர்களின் சைக்கிளும் அதே பக்கம் சாயும். பேசிக்கொண்டு ஜோடி ஜோடியாகப் போகாதீர்கள். பேச்சைக் கோவில் வாசல் டீக்கடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பேரனுக்கு வாங்குங்கள், இன்றைக்கே. வளர்கிற பிள்ளை என்று பெரிய அளவாக வாங்காதீர்கள், பள்ளிச் சீருடைக்குச் செய்கிற வேலை இங்கே ஆகாது. கடைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போய், தலைச் சுற்றளவை டேப்பால் அளந்து, நிறத்தை மட்டும் அவனைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஊஞ்சல், சறுக்கு மரம் என்று ஏறும்போது மட்டும் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஹெல்மெட் எங்காவது மாட்டிக்கொண்டால் வார் கழுத்தை இறுக்கிவிடும். தாத்தா வெறும் தலையோடு பால் வாங்கப் போவதை அவன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது, அது உங்களுக்கே தெரியும்.

தெருவில் சிரிக்கிறவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். அதற்குள் அவர்களுக்கு வேறு ஒன்று கிடைத்துவிடும். ஹெல்மெட்டை ஞாயிற்றுக்கிழமை ஆணியிலிருந்து எடுத்து, பால் பை தொங்குகிற அதே ஆணியில் மாட்டி வையுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றதும் கையோடு வரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒரு சீட்டில் உங்கள் பெயர், ஸ்டென்ட் வைத்த வருடம், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், வீட்டம்மாவின் போன் நம்பர் எல்லாம் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். விழுந்தவரைத் தூக்கி வருகிறவர்களுக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது, அவசரப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பதோ அதைத்தான். மாத்திரை மாறும்போது சீட்டையும் மாற்றுங்கள்.